காது வடிவது விதியல்ல, வியாதி!

(தோட்டக் கிளைச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

சம்பளத்தைப் பற்றியும், ரப்பர் விலையைப் பற்றியும், வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றியும் பேசுவதற்கென்று கூடும் இந்த மேடையில், நாம் இன்று காதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "காதைப் பற்றிப் பேசச் சங்கம் எதற்கு? அது டாக்டர் வேலையல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு தொழிலாளி தன் வேலையை இழக்கும் நிலைக்கு வந்தார். அதற்குக் காரணம் அவர் காது. அந்தக் காரணம் அலுவலகத்தில் இருந்த நமக்கும் தெரியவில்லை, சங்கத்தில் இருந்த நமக்கும் தெரியவில்லை. ஆகவே இது சங்கத்தின் வேலையும்தான். நடந்ததை முதலில் சொல்லி விடுகிறோம்.

பெரட்டில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், நாம் கிராணியாக வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், நாற்பது வயதைத் தாண்டிய தோழர் ஒருவர் பால்மரம் வெட்டி வந்தார். கை சுத்தமான வெட்டுக்காரர். பட்டையில் காயம் விழாது. மங்கு கவிழ்ந்து கிடக்காது. ஆனால் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் மெல்லிய குரலில்தான் பேசுவார். பெரட்டில் எப்போதும் பின்வரிசையில் நிற்பார்.

ஒருநாள் விடியற்காலை, இருட்டில், தூறல் விழும் நேரத்தில், மண்டோர் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்தார். "இன்றைக்கு உனக்கு 12ஆம் நம்பர் காடு" என்று அவரிடம் சொன்னார். தோழரோ வழக்கம் போல 9ஆம் நம்பர் காட்டுக்குப் போய், முதல்நாள் வெட்டிய மரங்களையே மறுபடியும் வெட்டிவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்தை அடுத்தடுத்த நாள் வெட்டினால் மரம் கெடும்; பட்டை வீணாகும். இது சிறிய குற்றமல்ல என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் முறை வாயால் எச்சரித்தார்கள். இரண்டு மாதம் கழித்து அதே போல இன்னொரு தவறு. அன்று அவருக்குப் பெயர் போடவில்லை. மூன்றாம் முறை, "சொன்ன வேலையைச் செய்யாமல் வேண்டுமென்றே கீழ்ப்படிய மறுத்தார், உன்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது?" என்று விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. தோழர்களே, அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது யார் தெரியுமா? இதோ, உங்கள் முன் நிற்கும் நம்முடைய இந்தக் கைதான். தட்டும்போது மனத்தில் ஒரு சந்தேகமும் எழவில்லை. "மனுஷனுக்குத் திமிர்" என்றுதான் நாமும் நினைத்தோம்.

விசாரணை நடந்தது. "ஏன் 9ஆம் நம்பர் காட்டுக்குப் போனாய்?" என்று கேட்டார்கள். தோழர் பணிவாக, "ஒன்பது மணிக்குத்தான் பால் எடுக்கத் தொடங்கினேன் ஐயா" என்றார். சிலர் சிரித்து விட்டார்கள். நாமும் தலையைக் குனிந்து சிரித்தோம். அப்போது வாசற்படியில் நின்ற அவர் மனைவி, "கிராணி ஐயா, சிரிக்காதீங்க. அவருக்குக் காது வடியுது. சின்னப் புள்ளையிலிருந்து வடியுது. காது கேக்கலன்னா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு" என்றார்.

அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சங்கம் விசாரணையை ஒத்திவைக்கும்படி கேட்டது. தோழரை அரசாங்க ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். அங்கே டாக்டர் காட்டியதையும், சொன்னதையும், பிறகு நாம் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறோம்.

காது கேட்பது எப்படி?

காதுத் துவாரத்தின் முடிவில் மெல்லிய தோல் ஒன்று இழுத்துக் கட்டியது போல இருக்கிறது. அதுதான் செவிப்பறை. அகலம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கு அப்பால் காற்று நிறைந்த சிறிய அறை. அதற்கு நடுக்காது என்று பெயர். அந்த அறையில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் ஒன்றோடொன்று கோத்தபடி இருக்கின்றன. அங்கவடி எலும்புதான் மனித உடம்பிலேயே மிகச் சிறியது. 3 மில்லிமீட்டர் அளவு. சத்தம் செவிப்பறையில் பட்டதும் அது அதிர்கிறது. வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவது போல, மூன்று எலும்புகளும் அந்த அதிர்ச்சியை வாங்கி உட்காதுக்குக் கொடுக்கின்றன. உட்காதில் உள்ள நரம்பு அதை மூளைக்குச் சேர்க்கிறது.

நடுக்காதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழாய் போகிறது. நடுக்காதுக்குக் காற்று வருவதும், அங்குள்ள நீர் வடிந்து போவதும் இந்தக் குழாய் வழியாகத்தான். பெரியவர்களுக்கு இதன் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். கைக்குழந்தைக்கு ஏறக்குறைய அதில் பாதிதான்; அதுவும் சரிவில்லாமல் படுக்கையாக இருக்கும். சரிவில்லாத கானில் தண்ணீர் தேங்குமா, ஓடுமா? தேங்கத்தான் செய்யும். குழந்தைக்குச் சளி பிடித்தால், குழாய் வீங்கி அடைத்துக் கொள்கிறது. நடுக்காதில் நீர் கட்டி, கிருமி புகுந்து, சீழாகிறது. குழந்தை இரவெல்லாம் வீறிட்டு அழுகிறது. காய்ச்சல் அடிக்கிறது. பிறகு செவிப்பறை பொத்துக்கொண்டு சீழ் வெளியே வருகிறது. வலி குறைந்ததும் குழந்தை தூங்கி விடுகிறது. "சரியாகிவிட்டது" என்று நாம் நினைத்துக் கொள்கிறோம்.

பெரும்பாலும் அந்தத் துவாரம் தானே மூடிக்கொள்ளும். மூடாமல் சளி வரும்போதெல்லாம், குளிக்கும்போதெல்லாம் சீழ் வடிந்தால், அது நாட்பட்ட நடுக்காது நோய் ஆகிவிட்டது என்று அர்த்தம். சீழ் வடிவது 14 நாளுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட காதுநோயாகவே கருதி வைத்தியம் செய்யும்படி உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தைநல வழிகாட்டி சொல்கிறது. பதினான்கு நாள், தோழர்களே! நம் தோழருக்கு வடிந்ததோ முப்பத்தைந்து வருஷம்.

இது நமக்கு மட்டும் வந்த நோயல்ல. உலகம் முழுவதும் 6 கோடியே 50 லட்சம் முதல் 33 கோடிப் பேர் வரை காதில் சீழ் வடிந்து அவதிப்படுகிறார்கள் என்றும், அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குக் கேள்வித்திறன் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் மதிப்பிட்டது. இது பெரும்பாலும் ஏழைகளின் நோய். நெருக்கமான வீடு, அடுப்புப் புகை, சிகரெட்டுப் புகை, சத்துக் குறைவான சாப்பாடு, கைக்கெட்டாத ஆஸ்பத்திரி ஆகியவை எங்கே உண்டோ அங்கே இதுவும் உண்டு. தலைமுறை தலைமுறையாக லயத்து வீடுகளில் ஒரே அறையில் ஆறு பேர், ஏழு பேர் என்று படுத்து எழுந்த நமக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல வேண்டுமா? ஒரு பிள்ளைக்குச் சளி என்றால் அந்த அறையில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் சளி!

"வேண்டியது மட்டும் கேட்குமே!"

இப்பொழுது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். செவிப்பறையில் துவாரம் விழுந்தால் காது முழுச்செவிடு ஆகிவிடுவதில்லை. அதனால்தான் இந்த நோய் மறைந்து கிடக்கிறது.

சத்தத்தை டெசிபெல் என்ற அளவால் அளக்கிறார்கள். காதோடு காதாகப் பேசும் ரகசியம் சுமார் 30 டெசிபெல். சாதாரணப் பேச்சு சுமார் 60. துவாரம் மட்டும் இருந்தால், அதன் அளவைப் பொறுத்து 30, 40 டெசிபெல் வரை கேள்வி குறையலாம். சீழிலேயே ஊறி அந்தச் சின்ன எலும்புகள் அரித்துப் போனால், 50, 60 வரைகூடப் போகும். அதாவது, எதிரில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும். பத்தடி தள்ளி, மழையிலே, இருட்டிலே, முகம் தெரியாமல் பேசினால் கேட்காது. பெரட்டுக்களம் அப்படிப்பட்ட இடந்தானே!

இன்னொன்றும் உண்டு. இந்தச் செவிட்டுத்தனம் ஒரே நிலையில் நிற்பதில்லை. காது காய்ந்திருக்கும் வாரம் ஓரளவு கேட்கும். சளி பிடித்து வடியும் வாரம் கேட்காது. பார்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? "நேற்றுக் கூப்பிட்டபோது திரும்பினான், இன்றைக்கு மட்டும் கேட்கவில்லையாம்! சம்பளம் என்றால் கேட்கும். வேலை என்றால் கேட்காது!" என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்காத காது வடியும் தொழிலாளி ஒருவரும் இருக்கமாட்டார். அவர் நடிக்கவில்லை, தோழர்களே. இந்த நோயின் குணமே அப்படி.

அவர் மெல்லப் பேசுவதற்கும் காரணம் உண்டு. நடுக்காது கெட்டவருக்குத் தம் குரல் தமக்கே பெரிதாகக் கேட்கும். ஆகவே அவர் குரலைத் தாழ்த்திப் பேசுவார். அதைத்தான் நாம் "அழுத்தக்காரன்", "வாய் திறக்கமாட்டான்" என்று பெயர் வைத்து ஒதுக்கினோம். "செவிடன் காதில் சங்கு ஊதியது போல" என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தக் காதில் டார்ச்சு அடித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

வெட்டுக்காட்டில் காது கேட்காமல் இருப்பது ஆபத்து என்பதையும் மறந்துவிடக் கூடாது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் சத்தம், காய்ந்த கிளை முறியும் சத்தம், "பாம்பு!" என்று அடுத்த நிரையிலிருந்து கூப்பிடும் சத்தம், இவையெல்லாம் ஒருவரைக் காப்பாற்றுபவை.

பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சு

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அந்தத் தோழர் தம் மகளையும் கூட்டி வந்திருந்தார். எட்டு வயது. அவளுக்கும் ஒரு காது வடிந்து கொண்டிருந்தது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு ஒட்டிய நோயல்ல அது. அதே வீடு, அதே சளி, அதே அலட்சியம்.

அந்தப் பிள்ளை வகுப்பில் பின் பெஞ்சு. "படிப்பு ஏறவில்லை" என்று சொல்லியிருந்தார்கள். ஏறுவது எப்படி? தமிழில் லகரம், ளகரம், ழகரம் மூன்றையும், னகரத்தையும் ணகரத்தையும் காதால் கேட்டுத்தானே பிள்ளை பிரித்தறிய வேண்டும்? "பல்லி" என்று ஆசிரியர் சொன்னதும் "பள்ளி" என்று எழுதினால், அது மூளையின் குற்றமா, காதின் குற்றமா? வீட்டில் தமிழ், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் என்று மூன்று மொழியைச் சுமக்கும் பிள்ளைக்கு அரைக்காது போதுமா?

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பில், ஒரே இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. ஓலைக் கொட்டகையில் தொடங்கிய அந்தப் பள்ளிகளைக் கட்டிக் காக்க நம் முன்னோர் எவ்வளவு பாடுபட்டார்கள்! அப்படிக் காத்த பள்ளிக்கூடத்தில் பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, அதன் காதைச் சீழுக்குக் கொடுத்துவிட்டால் பலன் என்ன? அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கதவு பாதி மூடியதுதானே!

எப்போது அஞ்ச வேண்டும்?

காது வடிவதில் இரண்டு வகை உண்டு என்று டாக்டர்கள் பிரிக்கிறார்கள். ஒன்று, சளி போலக் கொழகொழவென்று நிறைய வடியும். நாற்றம் அதிகம் இராது. இது பெரும்பாலும் செவிப்பறைத் துவாரத்தோடு நிற்பது. மற்றொன்று, கொஞ்சமாகத்தான் வடியும். ஆனால் அழுகிய நாற்றம் அடிக்கும். இதில் தோல் நடுக்காதுக்குள் புகுந்து, செதில் செதிலாகச் சேர்ந்து கட்டி போல வளர்கிறது. கொலெஸ்டியாட்டோமா என்று அதற்குப் பெயர். இது புற்றுநோயல்ல; ஆனால் பக்கத்தில் உள்ள எலும்பை அரித்துக்கொண்டே போகும். மேலே மூளை, பின்னால் பெரிய இரத்தக்குழாய், நடுவில் முகத்து நரம்பு. எந்தப் பக்கம் அரித்தாலும் ஆபத்து. இதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது; ஆபரேஷன் வேண்டும்.

காது வடிபவருக்குக் காதின் பின்புறம் வீங்கிச் சிவந்தாலும், முகம் ஒரு பக்கம் கோணினாலும், தலை சுற்றி நிற்க முடியாமல் போனாலும், கடும் தலைவலியோடு காய்ச்சலும் வாந்தியும் வந்தாலும், "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். அன்றைக்கே, அந்த நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உயிருக்கே ஆபத்து.

"வடிந்தால் நல்லதுதான், கெட்ட நீர் போகிறது. நிறுத்தினால் தலைக்கு ஏறிவிடும்" என்று நம் பாட்டிமார் சொல்வது உண்டு. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. டிரசரே வாரத்துக்கு ஒருநாள் எட்டிப் பார்த்த காலத்தில் அவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? ஆனால் அந்த எண்ணம் தவறு. வைத்தியம் செய்து நிறுத்தினால் சீழ் தலைக்கு ஏறாது. வைத்தியம் செய்யாமல் விட்டால்தான் ஏறும்.

என்ன செய்யக் கூடாது? என்ன செய்ய வேண்டும்?

முதலில் செய்யக் கூடாதவை. பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். தாய்ப்பால், துளசிச் சாறு எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறையில் துவாரம் இருந்தால் ஊற்றியதெல்லாம் நேராக நடுக்காதுக்குள் போய்விடும். கோழி இறகு, கொண்டை ஊசி, தீக்குச்சி எதையும் விட்டுக் குடையாதீர்கள். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விடாதீர்கள். சில மருந்துகள், உதாரணமாக ஜென்டாமைசின் போன்றவை, ஓட்டைக் காதில் உட்காது நரம்பையே கெடுக்கக் கூடும். டாக்டர் காதைப் பார்த்து எழுதிக் கொடுத்த மருந்துதான் மருந்து.

இனிச் செய்ய வேண்டியவை. காதைக் காய வைப்பதே வைத்தியத்தின் பாதி. சுத்தமான, ஈரத்தை உறிஞ்சும் துணியைத் திரி போல முறுக்கிக் காதுவாசலில் வையுங்கள். நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டுப் புதிய திரி வையுங்கள். திரி காய்ந்தபடி வரும்வரை இப்படிச் செய்து, பிறகு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விடுங்கள். நாளைக்கு மூன்று முறை, இரண்டு வாரம் என்பது உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் முறை. மருந்துப் புட்டியைச் சற்று நேரம் கையில் வைத்துச் சூடேற்றி விடுங்கள். குளிர்ந்த மருந்து விட்டால் தலை சுற்றும். இரண்டு நாளில் வடிவது நின்றதென்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

குளிக்கும்போது, தலை முழுகும்போது, பஞ்சில் வாசலின் தடவிக் காதுவாசலை அடையுங்கள். காது வடியும் பிள்ளையை ஆற்றிலும் குட்டையிலும் குதிக்க விடாதீர்கள்.

வராமல் தடுக்கவும் வழி உண்டு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குக் காதுநோய் குறைவு. புட்டிப்பால் கொடுப்பதானால் படுக்க வைத்துக் கொடுக்காமல் மடியில் நிமிர்த்திக் கொடுங்கள். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பிள்ளை இருக்கும் அறையில் சிகரெட்டுப் பிடிக்காதீர்கள், தோழர்களே! தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். நிமோனியாவுக்கும் காதுச் சீழுக்கும் காரணமாகும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி, 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் மலேசிய அரசாங்கத்தின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று வீட்டிலேயே ஒருவாறு பார்க்கலாம். பிள்ளையின் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, மெல்லிய குரலில் இரண்டு எண்களைச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மறுகாது. சொல்லத் தடுமாறினால் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

துவாரம் மூடாவிட்டால் ஆபரேஷன் செய்து மூட முடியும். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த வுல்ஸ்டைன், ஸோல்னர் என்ற இரு டாக்டர்கள் செவிப்பறையையும் நடுக்காதையும் திருத்தி அமைக்கும் முறையை வகுத்தார்கள். இன்று பெரும்பாலும் காதுக்கு மேலே உள்ள தசையின் உறையிலிருந்து சிறு துண்டு எடுத்துத் துவாரத்தை அடைக்கிறார்கள். எல்லோருக்கும் கேள்வி முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனால் காது காயும்; பலருக்குக் கேள்வியும் கூடும். ஆபரேஷன் செய்ய முடியாதவர்களுக்குக் கேட்கும் கருவி இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி போடுவதில் இல்லாத வெட்கம் காதுக்குக் கருவி போடுவதில் எதற்கு?

சங்கத்தின் கடமை

இவ்வளவும் தொழிலாளி தனியாகச் செய்துவிட முடியுமா? முடியாது. ஆஸ்பத்திரி முப்பது மைல் தொலைவில் இருக்கிறது. ஒருநாள் போய் வந்தால் ஒருநாள் சம்பளம் போய்விடுமோ என்ற பயம். ஆகவே கிளையின் முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: மருத்துவ விடுமுறை உங்கள் உரிமை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு. 2023ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் இந்த 60 நாள் மேலே சொன்ன நாட்களோடு சேர்த்துக் கழிக்கப்படாமல் தனியாகவே கணக்கிடப்படுகிறது. டாக்டரின் சீட்டை வாங்கி வந்து அலுவலகத்தில் கொடுங்கள். அதைச் செக்ரோலில் சரியாகப் பதிவது கிராணிமாரின் கடமை.

இரண்டு: பெரட்டில் வேலை மாற்றம் சொல்லும்போது வாயால் சொல்வதோடு நிற்காமல், பலகையிலும் எழுதிப் போட வேண்டும். காது மந்தமானவர் முன்வரிசையில் நிற்க இடம் தர வேண்டும். இதற்கு நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை.

மூன்று: கீழ்ப்படியாமை என்று ஒருவர் மேல் குற்றம் வந்தால், கிளைச் செயலவை முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இவருக்குக் காது கேட்கிறதா?" என்பதே. தேவையானால் காதுப் பரிசோதனை முடியும்வரை விசாரணையை ஒத்திவைக்கக் கோர வேண்டும்.

நான்கு: தோட்டத்து வீடு, தண்ணீர், பிள்ளை பராமரிப்பு நிலையம், சுகாதாரம் ஆகியவை பற்றி 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இருக்கிறது. வீடு நெருக்கமாகவும், ஈரமாகவும், புகை அடைந்தும் இருந்தால் அது வெறும் சௌகரியக் குறைவல்ல. பிள்ளையின் காதைக் கெடுக்கும் குறை. முறையீடு எழுதும்போது அதையும் எழுதுங்கள்.

ஐந்து: பள்ளிக்குச் சுகாதாரக் குழு வரும்போது பிள்ளையின் காதையும் பார்க்கச் சொல்லிப் பெற்றோர் சங்கத்தின் மூலம் கேளுங்கள். காது வடியும் பிள்ளையை முன் பெஞ்சில், நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

ஆறு: இந்தோனேசியாவிலிருந்தும், வங்காளதேசத்திலிருந்தும், நேபாளத்திலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களை மறக்காதீர்கள். அவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் குடிமக்களைவிட மிக அதிகம். மொழியும் புரியாமல், காதும் கேட்காமல் போனால் அவர்கள் கதி என்ன? நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது எந்த நிலையில் இருந்தார்களோ, அதே நிலைதான்.

முடிவாக

அந்தத் தோழர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். காதுப் பரிசோதனையின் முடிவைச் சங்கம் விசாரணையில் வைத்தது. நிர்வாகம் கடிதத்தைத் திரும்பப் பெற்றது. அன்று போடாத பெயருக்கும் சம்பளம் கிடைத்தது. வலது காதுக்கு ஆபரேஷன் நடந்து துவாரம் மூடிற்று. இடது காதில் எலும்புகள் அரித்துப் போய்விட்டன; அந்தக் காதுக்குக் கருவி போட்டிருக்கிறார். கேள்வி முழுதாக வரவில்லை. ஆனாலும், ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு நாள் வீட்டில் ரேடியோவைக் குறைக்கச் சொன்னாராம். அந்த வீட்டில் அப்படி அவர் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி நம்மிடம் சொன்னார்.

மகளுக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. மருந்தும் திரியும் போதுமானதாக இருந்தன. எட்டு வயதில் பார்த்ததால் பிழைத்த காது அது. அப்பாவுக்கும் எட்டு வயதில் யாராவது பார்த்திருந்தால்?

முப்பத்தைந்து வருஷம் அவர் காது வடிந்தது. பெற்றோர் பார்த்தார்கள், ஆசிரியர் பார்த்தார், டிரசர் பார்த்தார், மண்டோர் பார்த்தார், கிராணியாகிய நாமும் பார்த்தோம். எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் விசாரிக்கவில்லை. அவர் காது கேட்கவில்லை என்று நாம் குற்றம் சாட்டினோம். ஆனால் அவர் சொல்லாமல் சொன்னதை நம் காது கேட்டதா? அந்த வெட்கம் நமக்கு இன்றும் உண்டு. அதனால்தான் இந்த மேடையில் வந்து நிற்கிறோம்.

தோழர்களே, தாய்மார்களே! கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் தலையணையைப் பாருங்கள். மஞ்சள் கறை இருந்தால் அது காது சொல்லும் செய்தி. கிளினிக்குக்குப் போங்கள். போக வழியில்லை என்றால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியது எங்கள் பொறுப்பு.

காது வடிவது விதியல்ல, வியாதி. வியாதிக்கு வைத்தியம் உண்டு. அந்த வைத்தியத்தைப் பெறுவதற்கு நமக்குச் சங்கம் உண்டு.

வளர்க தொழிலாளர் ஒற்றுமை!